சாக்கு மூடிய குவியல்

அன்று இருந்தவர்கள் இவர்கள்: சாலைத் துறை அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் சின்ன மாப்பிள்ளை, மாப்பிள்ளைக்கு இரண்டடி தள்ளி அவர் மனைவி, அதாவது வீட்டின் இளைய மகள், தக்காளி சாஸ் ஆலையிலிருந்து சக்கை ஏற்றிவரும் லாரிக்காரர், நாற்று மாற்றி நடுகிற அம்மாள், கையில் ஈர மண்ணோடு, கடைசியாக வீட்டின் மூத்த மகள் பெரியக்கா. வேறு யாரும் இல்லை. பிற்பாடு "நானும் அங்கதான் நின்னேன்" என்று சொல்லிக்கொண்டவர்களைச் சேர்த்தால் ஒரு பேருந்து நிரம்பும். அவர்கள் யாரும் அங்கே நிற்கவில்லை.

இந்த ஆறு பேரும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும் என்று பெரியக்கா ஒன்றரை வருடம் காத்திருந்தாள். ஏனென்றால் முதல் தடவையும் இதே ஆறு பேர்தான் இருந்தார்கள். அப்போது ஏழாவதாக அப்பாவும் இருந்தார்.

மரக்கன்று நாற்றங்கால் வைத்திருந்த அப்பாவை ஊரில் எருக்காரர் என்பார்கள். அந்தப் பெயரை அவர் பட்டம் போலச் சுமந்தார். இலைச்சருகு, மாட்டுச் சாணம், மரத்தூள், சாஸ் ஆலையின் தக்காளிச் சக்கை எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு ஆள் உயரத்துக்குக் குவிப்பார். குவியலுக்குள் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வைத்திருப்பார். காலையில் அதை உருவி உள்ளங்கையில் பிடித்துப் பார்ப்பார். பிடிக்க முடியாமல் கை சுட்டால்தான் அவர் முகத்தில் சிரிப்பு வரும். "நல்லா வேகுது" என்பார். சூடு தணிந்ததும் குவியலைப் பிரித்து, வெளியே கிடந்ததை உள்ளேயும் உள்ளே கிடந்ததை வெளியேயும் போட்டு மறுபடி குவிப்பார். மறுபடி கம்பி. கடைசியில் ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பார். தண்ணீர் சொட்டக் கூடாது. கையை விரித்தால் உருண்டை நிற்க வேண்டும். மழை விட்ட மண்ணின் வாசனை வர வேண்டும். அதற்கும் மேல் ஒரு தட்டில் அந்த எருவைப் போட்டு அவரை விதை ஊன்றுவார். இலை கருகாமல் விரிந்தால்தான் குவியலின் மேல் சாக்கை இழுத்து மூடுவார்.

சாக்கு மூடினால் தயார் என்று அர்த்தம். மூடாத குவியலை அந்த நாற்றங்காலில் யாரும் தொடக் கூடாது. மூடிய குவியலை யாரும் சந்தேகப்படக் கூடாது. வாங்க வருகிறவர்கள்கூடச் சாக்கைத் தூக்கிப் பார்த்ததில்லை. அது அந்த வீட்டின் வாக்கு.

அப்பா காய்ச்சலில் படுத்திருந்த ஒரு வாரத்தில் அந்த வாக்கை உடைத்தவர் சின்ன மாப்பிள்ளை. நாற்று வளர்க்கும் குழித்தட்டுகளை எல்லாம் அவர்தான் அப்போது பார்த்துக்கொண்டிருந்தார். நெடுஞ்சாலை ஓரத்தில் நடுவதற்குச் சாலைத் துறையினர் மகோகனிக் கன்றுகள் கேட்டிருந்தார்கள். கெடு நெருங்கிவிட்டது. சாக்கு போடாத குவியலைப் பிரித்து, மணல்கூடச் சரியாகக் கலக்காமல், தட்டுகளில் நிரப்பி நாற்றுகளை நட்டுவிட்டார். பாதி வெந்த எருவின் காரத்தில் இளம் வேர்கள் பொசுங்கின. இலை நுனிகள் தீயில் காட்டியதுபோல் கருகின. அதிகாரி பார்வையிட வந்த அன்று கொட்டகை முழுவதும் செத்த கன்றுகள்.

"என்ன ஆச்சு?" என்று அதிகாரி கேட்டார்.

மாப்பிள்ளை கண்ணிமைக்கவில்லை. "மாமாவுக்கு வயசாயிடுச்சு சார். கைக்கு முன்ன மாதிரி பதம் தெரியல. குப்பையைக் கொட்டி வச்சுட்டு எருங்கிறார். பெரியவரை எதிர்த்து நாங்க என்ன பேசறது?"

காய்ச்சல் முழுசாக விடாத உடம்போடு அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு தலைகுனிந்து நின்ற சின்ன மகளைப் பார்த்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கம்பியைக் கொண்டுபோய் வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தார். அதற்குப் பிறகு நாற்றங்கால் பக்கம் வரவில்லை. முன்னறையில், சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன்ப்பா வாயைத் திறக்கல?" என்று பெரியக்கா கேட்டாள்.

"அவன் உன் தங்கச்சி புருஷன்."

அவ்வளவுதான் பதில். பெரியக்காவுக்குப் புரிந்தது. அந்நியர் முன்னால் மாப்பிள்ளையைப் பொய்யர் என்றால் அந்தப் பெயர் மகளின் தலையிலும் விழும். மகளுக்காகத் தன் பெயரை அப்பா விழுங்கிவிட்டார். புரிந்ததே தவிர, பெரியக்காவுக்கு அது செரிக்கவில்லை.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "நாத்துக்குத் தண்ணி விடற நேரத்துல பொண்ணு பார்க்க வந்தாங்க, தண்ணியா பொண்ணான்னு கேட்டேன், தண்ணின்னுட்டுப் போயிட்டாங்க" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் ஒரு சொல்லை மனதில் போட்டுவிட்டால், கல்லில் வெட்டியதுபோல் அது அங்கேயே கிடக்கும். 'குப்பை' என்ற சொல் அப்படிக் கிடந்தது.

மாப்பிள்ளை அதோடு நிற்கவில்லை. சாலைக்கு எதிர்ப்புறமே தனியாக ஒரு நாற்றங்கால் போட்டார். வாசலில் பெரிய பலகை: 'குப்பை எரு கலக்காத சுத்தமான மரக்கன்றுகள்'. எல்லாம் கப்பலில் வந்த நார்த்தூளில் வளர்ந்தவை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். பெரியக்காவின் அலுவலக அறை ஜன்னலைத் திறந்தால் அந்தப் பலகைதான் தெரியும். அவள் ஜன்னலை ஒரு நாளும் மூடவில்லை. படிக்கட்டும் என்று தன் கண்ணுக்கே தண்டனை கொடுத்தவள் மாதிரி தினமும் படித்தாள்.

பலகையோடு சேர்த்துக் கன்றுகளையும் பார்த்தாள். தடித்த தண்டு, எண்ணெய் தடவியதுபோல் இலை, கரும்பச்சை. வெறும் நார்த்தூளில் அந்தப் பச்சை வராது. வீட்டுப் பிள்ளையின் மூக்கை அடுத்த வீட்டுத் தொட்டிலில் பார்த்தவள் போல அவள் நின்றாள்.

வார விடுமுறை முடிந்து ஒரு காலையில் பின்சுவர் ஓரத்துக் குவியலைச் சுற்றிவந்தபோது விடை கிடைத்தது. சாக்கு ஒழுங்காக மூடித்தான் இருந்தது. சுவர்ப் பக்கம் மட்டும் எலி கடித்த ரொட்டி மாதிரி ஒரு பெரிய கடி. அங்கிருந்து பின்வாசல்வரை ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியின் தடம். பின்வாசல் பூட்டு உடையவில்லை. சின்ன மாப்பிள்ளை இந்த வீட்டை விட்டுப் போனபோது எல்லாவற்றையும் எடுத்துப் போனார். திருப்பிக் கொடுக்க மறந்தது அந்தப் பூட்டின் சாவி.

நாற்று நடுகிற அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடப் பாவமே! ஊருக்கெல்லாம் குப்பைன்னு சொல்லிட்டு அந்தக் குப்பையையே திருடுறாரா? பெரியக்கா, இப்பவே பூட்டை மாத்திடலாம்."

"வேண்டாம்."

"வேண்டாமா?"

"அந்தப் பூட்டு துருப்பிடிச்சுக் கிடக்கு. பாவம், திறக்கக் கஷ்டப்படுவாரு. கொஞ்சம் எண்ணெய் விடு."

அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு எண்ணெய் எடுக்கப் போனாள், ஒரு வார்த்தை பேசாமல். பத்து வீட்டுக் கதை பேசுகிற வாய் அது.

கையும் களவுமாகப் பிடித்திருக்கலாம். பிடித்தால் என்ன ஆகும்? குடும்ப விஷயம், உள்ளேயே பேசி முடிச்சுக்குங்க என்று நாலு பேர் வருவார்கள். மாப்பிள்ளை ஒரு மன்னிப்பை முணுமுணுப்பார். பெரியக்காவுக்குப் போன எரு வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். வெளியே சொன்ன சொல் வெளியேதான் திரும்ப வேண்டும். அதே வாய் சொல்ல வேண்டும், அதே காதுகள் கேட்க வேண்டும். அதற்குக் குறைந்து எதுவும் அவள் தொண்டையில் இறங்காது.

மாப்பிள்ளையின் பழக்கங்கள் அவளுக்கு அத்துப்படி. யாராவது பார்வையிட வருகிறார்கள் என்றால், விருந்துக்குப் போகிறவன் சட்டை மாற்றுவதுபோல், கடைசி வாரத்தில் கன்றுகளைப் புதுக் கலவைக்கு மாற்றுவார். அப்போதுதான் தட்டு கறுப்பாக, பார்வைக்கு எடுப்பாக இருக்கும். அந்த வாரம் அவருக்கு எரு அதிகம் வேண்டும். சோதித்துப் பார்க்கவும் மாட்டார். ஏன் சோதிக்க வேண்டும்? சாக்கு மூடியிருந்தால் போதும். மாமனாரைக் குப்பைக்காரர் என்றவருக்கு மாமனாரின் சாக்கின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

சாலைத் துறை மறுபடி கன்று வாங்கப்போகிறது, இரண்டு நாற்றங்கால்களையும் ஒரே நாளில் அதிகாரி பார்ப்பார் என்று செய்தி வருவதற்கு வெகுநாள் முன்னாலேயே பெரியக்கா வேலையைத் தொடங்கியிருந்தாள். பின்சுவர் ஓரத்தில் ஒரு புதுக் குவியல் போட்டாள். தக்காளிச் சக்கையைத் தாராளமாகப் போட்டாள். அப்பா மாதிரி ஆள் உயரத்துக்கு ஏற்றவில்லை. முழங்கால் உயரத்துக்குப் பரப்பினாள். தாழக் கிடக்கும் குவியலில் சூடு ஏறாது. அது பாட்டுக்கு மெல்ல மக்கும். கறுக்கும், பொடியும், நல்ல மண் வாசனையும் வரும். வேரைச் சுடாது. ஆனால் வேகாத எருவில் ஒரு விதைகூடச் சாகாது. தக்காளியின் ஒவ்வொரு விதையும் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு, தட்டும் தண்ணீரும் எப்போது கிடைக்கும் என்று படுத்திருக்கும்.

மக்கி முடிந்ததும் அதை வாரி உயரமாகக் கூட்டினாள். மற்ற குவியல்களின் பக்கத்தில் வைத்தபோது அப்பாவே வந்தாலும் தொடாமல் வித்தியாசம் சொல்ல முடியாது. பாக்கி இருந்தது சாக்கு மட்டும்.

சாக்கை விரித்தவள் சற்று நின்றாள். இந்த வீட்டுச் சாக்கு இதுவரை யாரிடமும் பொய் சொன்னதில்லை. பின்வாசலைப் பார்த்தாள். எண்ணெய் விட்ட பூட்டு பளபளத்தது. இழுத்து மூடினாள். மற்ற குவியல்கள் எல்லாவற்றையும் முன்பக்கக் கொட்டகைக்குள் தள்ளிப் பூட்டினாள்.

அடுத்த விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது பாதிக் குவியலைக் காணவில்லை.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாட்களில் எதிர்ப்புறத்தில் ஒரே பரபரப்பு. மாப்பிள்ளை, அவர் வேலையாட்கள், தங்கை எல்லாரும் தட்டுகளின் மேல் கவிழ்ந்து எதையோ கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கிள்ளியதைக் கூடையில் போட்டுப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். மறுநாளும் அதே.

"சின்னம்மா குனிஞ்ச தலை நிமிரலையே," என்றாள் நாற்று நடுகிற அம்மாள் ஜன்னல் வழியே. "களையா எடுக்கிறாங்க?"

"முளைச்சதை எடுக்கிறாங்க."

"பிடுங்கிட வேண்டியதுதானே, ஏன் கிள்ளணும்?"

"பிடுங்கினா மகோகனி வேரும் சேர்ந்து வந்துடும். கிள்ளினா இன்னும் நாலு முளைக்கும். அவங்க பாடு."

தங்கையின் முதுகைப் பார்த்தபோது பெரியக்காவுக்கு மனசு இளகியது. சின்ன வயதில் அந்த முதுகைத் தேய்த்துக் குளிப்பாட்டியவள் அவள். பார்வையைச் சற்று உயர்த்திப் பலகையைப் படித்தாள். சரியாகிவிட்டது.

அதிகாரி முதலில் இந்தப் பக்கம் வந்தார். கன்றுகளைப் பார்த்தார், ஒன்றைத் தட்டிலிருந்து உருவி வேரைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். அன்றைக்குச் சக்கை கொண்டுவரச் சொல்லியிருந்ததால் லாரிக்காரரும் இருந்தார். எதிர்ப்புறம் கிளம்பியபோது பெரியக்கா, "நாங்களும் வர்றோம் சார், தங்கச்சி வீடுதானே" என்றாள். நாற்று நடுகிற அம்மாள் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தாள். லாரிக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வேடிக்கை என்றால் அவர் லாரியை நடுச்சாலையிலேயே விட்டுவிட்டு வருகிற மனிதர்.

அவர்களைக் கண்டதும் மாப்பிள்ளையின் முகம் சுருங்கியது. வணக்கம் சொல்லக் கையைக் கூப்பினார். விரல்கள் பத்தும் பச்சையும் கறுப்புமாகக் கறை படிந்திருந்தன. கூப்பிய வேகத்திலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் அதிகாரி மூக்கை உறிஞ்சினார். "என்னங்க, சமையல்கட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு?"

"பக்கத்துல யாரோ தக்காளி போட்டிருக்காங்க சார். காத்துல வருது. இந்தப் பக்கம் வாங்க, நல்ல கன்னெல்லாம் அங்க இருக்கு."

அதிகாரி நகரவில்லை. பக்கத்துத் தட்டின் மேல் குனிந்தார். ஒவ்வொரு குழியிலும் நடுவில் ஒரு மகோகனிக் கன்று. அதன் காலைச் சுற்றி, காலையில் கிள்ளியவர்களை ஏமாற்றிவிட்டு மத்தியானத்துக்குள் தலைதூக்கிய மெல்லிய ரோமத் தண்டுகள். அவர் ஒன்றைக் கசக்கி முகர்ந்தார்.

"பக்கத்துல இல்லீங்க. நீங்கதான் போட்டிருக்கீங்க."

"அது... ஊடுபயிர் சார். புது முறை."

"நெடுஞ்சாலை ஓரத்துல தக்காளியா? லாரிக்காரங்க பறிச்சுக்கிட்டே போகவா?"

"எனக்கு வேண்டாம் சார்!" என்றார் லாரிக்காரர் பின்னாலிருந்து. "பொழுதன்னிக்கும் அதைத்தான் சுமக்கிறேன், கனவுலயும் அதான் வருது." முன்னால் வந்து ஒரு குழியில் விரலை விட்டுக் கிளறினார். சக்கையின் சிவப்புத் தோல் இரண்டு துணுக்கு வந்தது. "இது எங்க ஆலைச் சரக்கு சார். கப்பல்ல வந்த நார்த்தூள்ல இது எப்படி ஏறும்? ஊர்லயே நான் சக்கை இறக்குறது ஒரே இடம்தான்." சொல்லிவிட்டு பெரியக்காவைப் பார்த்தார். பிறகு எல்லாரும் பார்த்தார்கள்.

பெரியக்கா ஒரு குழியிலிருந்து கன்றை வேரோடு உருவினாள். கறுப்பு எருவை உள்ளங்கையில் இறுக்கினாள். விரித்தாள். உருண்டை நின்றது.

"நார்த்தூள் உருண்டை பிடிக்குமா மாப்பிள்ளை?"

அவர் கைகளைப் பின்னால் இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

"அன்னைக்கு இவங்க எல்லாரும் இருந்தாங்க. எங்க அப்பா போட்டதைக் குப்பைன்னீங்க. குப்பையை யாராவது பூட்டைத் திறந்து, தள்ளுவண்டில வச்சு, ஆள் இல்லாத நேரமாப் பார்த்து எடுத்துக்கிட்டுப் போவாங்களா?"

"அக்கா, போதும்," என்றாள் தங்கை.

"இன்னும் போதல. மாப்பிள்ளை, எங்க அப்பா எரு எப்படி?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "நல்ல எருதான்."

"சத்தமாச் சொல்லுங்க, சாருக்குக் கேட்கல."

"மாமா எரு நல்ல எரு!" என்று கிட்டத்தட்டக் கத்தினார்.

"அப்போ அன்னைக்குக் கன்னு ஏன் செத்துச்சு?"

"சாக்கு போடறதுக்கு முன்னாடி நான்தான் எடுத்தேன்," என்றார் மாப்பிள்ளை. "மாமாவுக்குத் தெரியாது. அவர் படுத்திருந்தார்."

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். பெரியவரைப் பற்றித் தாமும் நாலு இடத்தில் அப்படியே சொல்லிவிட்டதாகவும், இனி மாற்றிச் சொல்வதாகவும் சொன்னார். கன்றுகளை எங்கே வாங்குவது என்பதை அவர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கால் ஏற்கெனவே சாலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

மாப்பிள்ளை பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார். பெரியக்கா கை நீட்டவில்லை.

"அவகிட்டக் குடுங்க. அவ பொறந்த வீட்டுச் சாவி அது. உங்க பையில அதுக்கு வேலை இல்ல."

தங்கை சாவியை வாங்கிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, கோபத்தால். "என்னைப் பத்தி ஒரு நிமிஷமாவது நினைச்சியா அக்கா?"

"அப்பா நினைச்சார். அதனாலதான் ஒன்றரை வருஷமாச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கார். வீட்டுல ஒருத்தர் நினைச்சது போதும்."

அதைச் சொல்லிவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னறையில் அப்பா அதே நாற்காலியில் இருந்தார். பெரியக்கா தரையில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னாள். யார் எங்கே நின்றார்கள், யார் என்ன சொன்னார்கள், எல்லாம். அப்பா சுவரைப் பார்த்தபடியே கேட்டார். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேகாத குவியல் மேல சாக்கு போட்டது யாரு?"

"நான்தான்ப்பா."

"என் சாக்கையா?"

"ஆமா."

அவர் நாற்காலியைத் திருப்பினார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அவர் முகம் அறையைப் பார்த்தது. நல்ல கோபத்தில் இருந்தது. "வாங்க வந்தவன் எவனாவது அதை எடுத்துக்கிட்டுப் போயிருந்தா? அந்தச் சாக்கை நம்பித்தானே ஊரே வாங்குது? நான் ஒருத்தன் வரலைன்னா இப்படியா?"

"வாங்க வர்றவங்க பின்வாசல் வழியா வர மாட்டாங்கப்பா. திருட வர்றவருக்குன்னு போட்டது அது."

"யாருக்குப் போட்டாலும் பொய் பொய்தான்!" எழுந்தார். கதவுக்குப் பின்னாலிருந்த கம்பியை எடுத்தார். துருவைத் துண்டால் ஒரு தரம் துடைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று நாற்றங்காலுக்கு நடந்தார். பெரியக்கா பின்னால் ஓடினாள்.

பின்சுவர் ஓரத்தில் மிச்சமிருந்த குவியலிலிருந்து சாக்கை அவரே உருவினார். கம்பியைச் செருகினார். உருவிப் பிடித்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. "தூ" என்றார். புதுச் சாணமும் சருகும் கொண்டுவரச் சொல்லி, அங்கேயே அடுக்கத் தொடங்கினார், ஆள் உயரத்துக்கு. நாற்று நடுகிற அம்மாளும் வேலையாட்களும் ஓடி ஓடிச் சுமந்தார்கள். பெரியக்கா வாயைத் திறக்காமல் முறத்தில் அள்ளிப் போட்டாள். திட்டு வாங்கினாள். அவ்வளவு சந்தோஷமாக யாரும் திட்டு வாங்கியிருக்க மாட்டார்கள்.

குவியல் மார்பு உயரம் வந்தபோது அப்பா மூச்சு வாங்க நின்றார். கம்பியில் கையை ஊன்றிக்கொண்டார். எதிர்ப்புறம் வேலையாட்கள் இரண்டு பேர் ஏணி வைத்துப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் குவியலுக்குத் திரும்பினார்.

"அவன் கடைசியா என்ன சொன்னான்?"

"மாமா எரு நல்ல எருன்னார்."

"எப்படிச் சொன்னான்?"

"கத்தினாருப்பா. கொட்டகையே அதிர்ந்துச்சு."

"ம்." ஒரு கூடை சருகைக் கொட்டி மிதித்தார். "இன்னொரு தடவை சொல்லு."

அவள் சொன்னாள். அன்றைக்கு அதை எத்தனை தடவை சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சலிக்கவில்லை.

தங்கை இன்னும் பிறந்த வீட்டுக்கு வரவில்லை. சாவி அவளிடம்தான் இருக்கிறது. பின்வாசல் பூட்டை யாரும் மாற்றவில்லை. மாதம் ஒரு தரம் பெரியக்கா அதற்கு எண்ணெய் விடுகிறாள்.

பெரியக்கா ஆள் வைத்து எதிர்ப்புற நாற்றங்காலில் தக்காளி விதை தூவினாள் என்றும், தட்டுகளில் மருந்து கலந்தாள் என்றும் ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவள் அந்தச் சாலையைத் தாண்டியது ஒரே ஒரு தடவை, பட்டப்பகலில், அதிகாரியோடு. மருந்து எதுவும் கலக்கவில்லை. விதையை அங்கே கொண்டுபோனது மாப்பிள்ளையின் தள்ளுவண்டி.